அத்தையும் நானும் ஓர் ஏணியும்

அத்தை என்னோடு பேசுவதை நிறுத்தியது எருசலேமில், ஒரு கல்லறை வாசலில். 2018 அக்டோபர், வியாழக்கிழமை மதியம். பன்னிரண்டு நாள் பயணத்தில் அது ஏழாவது நாள். மிச்சம் ஐந்து நாளும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில், தோள் இடித்துக்கொண்டு போக வேண்டும்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவ சபை. நீதிமன்ற அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சாமி கும்பிடுகிற வீட்டில் பிறந்து, கல்லூரியில் அதை விட்டவன். அதற்குப் பிறகு எந்தச் சாமியையும் எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு ஒத்துக்கொண்டார். அது பழைய கதை. தீராமல் நின்றது ஒன்றுதான்: மகளுக்கு நாங்கள் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அவர்கள் சபையில் கைக்குழந்தையிலேயே கொடுத்துவிடுவார்கள். வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும் என்று நானும் மனைவியும் சொல்லிவிட்டோம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அந்த ஒன்பது வருடத்தில் அத்தை இதை வாய்விட்டுக் கேட்டது மூன்று முறை. வாய்விடாமல் கேட்டதற்குக் கணக்கில்லை.

புனித பூமிப் பயணத்துக்கு அத்தை பணம் கட்டியபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் வலி. துணைக்கு என் மனைவி போவதாக ஏற்பாடு. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. அவ்வளவுதான் நான் அங்கே போன காரணம். கெய்ரோவில் இறங்கி, சினாய் வழியாகத் தாபா எல்லையைத் தாண்டி, இஸ்ரேல். முப்பத்தெட்டு பேர். சி.எஸ்.ஐ.காரர்கள் பாதி, கத்தோலிக்கர்கள் பத்துப் பதினைந்து பேர், மிச்சம் பெந்தெகொஸ்தே. எதிலும் சேராத ஆள் நான் ஒருவன்.

முதல் சண்டை மதத்தால் வரவில்லை, முன் சீட்டால் வந்தது. இரண்டாம் நாள் காலையிலேயே வெடித்தது. மூட்டுவலிக்காரர்கள் முன்னால் வேண்டும் என்றார்கள். வாந்தி வருகிறவர்களும் முன்னால் வேண்டும் என்றார்கள். ஜெபம் நடத்துகிறவர்களுக்கு மைக் பக்கத்தில் இடம் வேண்டும். எல்லோர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. கூட வந்த பாஸ்டர் அன்பைப் பற்றி ஐந்து நிமிடம் உருக்கமாகப் பேசினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் எகிப்திய வழிகாட்டி ஒரு தாளை எடுத்து சீட்டுகளைக் கட்டம் கட்டமாக வரைந்தார். தினமும் காலையில் எல்லோரும் இரண்டு வரிசை பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும், கடைசி இரண்டு வரிசை முன்னால் வரும். முழங்கால் வலிக்காரர்கள் நான்கு பேருக்கு மட்டும் நடுக்கதவுப் பக்கம் நிலையான இடம், அவர்கள் துணைக்கும் அங்கேயே. பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு பயணம் முடியும்வரை சீட் பேச்சு வரவில்லை.

குழுவாக எங்கே போவதாக இருந்தாலும் முதல் நாளே இப்படி ஒரு தாள் போட்டுவிடுங்கள். எனக்கு அந்தத் தாளின் அருமை அப்போது புரியவில்லை. பேசிப் பேசி ஒருவர் மனதை ஒருவர் மாற்றினால்தான் சண்டை தீரும் என்று நம்புகிற ஆள் நான். வீட்டிலும் ஆபீஸிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மோசே கட்டளைகளைப் பெற்றதாகச் சொல்லும் சினாய் மலையைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கி, விடியும்போது உச்சியில் நிற்க வேண்டும். 2,285 மீட்டர். ஒட்டகத்தில் போனாலும் கடைசி 750 படிகளைக் காலால்தான் ஏற வேண்டும். கையுறை இல்லாமல் போனேன், விரல் மரத்துவிட்டது. அத்தை அடிவாரத்திலேயே தங்கிவிட்டார். இறங்கி வந்து புனித கேத்தரின் மடத்தைப் பார்த்தோம். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய கிறிஸ்தவ மடம், அதன் மதிலுக்குள்ளேயே ஃபாத்திமியர் காலத்து மசூதி ஒன்று. மணிக்கூண்டும் மினாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நான் படம் எடுத்துக்கொண்டேன். அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எந்த மணிக்கு யாருன்னு பேசி வச்சிருப்பாங்களா?” எனக்குத் தெரியவில்லை.

தாபாவில் இஸ்ரேல் அதிகாரிகள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தவில்லை, சின்னதாக ஒரு சீட்டு கொடுத்தார்கள். இஸ்ரேல் முத்திரை இருந்தால் சில நாடுகள் உள்ளே விடாது என்பதால் இந்த ஏற்பாடு. அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். திரும்பும்வரை அதுதான் உங்கள் முத்திரை.

பெத்லகேமில் இயேசு பிறந்த இடமென்று சொல்லும் கோயிலுக்குள் குனிந்துதான் போக முடியும். வாசல் நாலடிதான். குதிரையோடு யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று குறுக்கினார்களாம். உள்ளே குகையில் தரையில் பதித்த வெள்ளி நட்சத்திரம், பதினான்கு முனை. 1847இல் அது காணாமல் போனது. கத்தோலிக்கர்கள் கிரேக்கர்களைக் குற்றம் சொன்னார்கள். கடைசியில் 1853இல் துருக்கி சுல்தானின் அரசு புது நட்சத்திரம் வைத்தது. கிரிமியப் போருக்குக் காரணம் சொல்லும் பட்டியல்களில் இந்த நட்சத்திரத் தகராறும் உண்டு. அவ்வளவு தூரம் போவானேன், 2011 டிசம்பரில், கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், இதே கோயிலைப் பெருக்கும்போது கிரேக்க, அர்மேனியத் துறவிகள் விளக்குமாற்றால் அடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து விலக்கியது. யார் பெருக்குகிறாரோ அவருக்குப் பாத்தியதை என்பது அங்கே கணக்கு. ஒரு தூணின் இந்தப் பக்கத்துத் தூசியை நீ தட்டிவிட்டால் நாளைக்கு அந்தத் தூணே உன்னுடையது என்பாய்!

நான் சிரித்தேன். அன்பைப் போதிக்கிறவர்கள் விளக்குமாற்றோடு நிற்கும் காட்சி என்னைப் போன்றவனுக்குத் தீனி. அத்தை சிரிக்கவில்லை. “பட்டா இல்லாத இடத்துல அனுபோகம்தான் மாப்பிள்ளை சாட்சி” என்றார். முப்பத்திரண்டு வருடம் நில வழக்குகளை டைப் அடித்தவர்.

மறுநாள் எருசலேமில் திருக்கல்லறைக் கோயில். அங்கேதான் அத்தையின் முகம் மலர்ந்தது, நான் எதிர்பார்த்த காரணத்துக்காக இல்லை. கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மேனியர், காப்டிக், சிரியன், எத்தியோப்பியர் என ஆறு சபைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. எந்தப் பீடம் யாருடையது, எந்த விளக்கை யார் ஏற்றுவது, எந்த நேரத்தில் யார் பூசை வைப்பது என எல்லாம் 1852இல் சுல்தான் போட்ட உத்தரவின்படி இருந்தபடியே இருக்க வேண்டும். அதற்குப் பெயரே ‘ஸ்டேட்டஸ் கோ’. வழிகாட்டி அந்த வார்த்தையைச் சொன்னதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “நம்ம கோர்ட் ஆர்டர்! வழக்கு முடியிற வரைக்கும் யாரும் எதையும் அசைக்கக் கூடாது. இங்க வழக்கு முடியவே இல்ல, அவ்வளவுதான்.”

முகப்பில் வலது பக்கத்து மேல் ஜன்னலுக்குக் கீழே, விளிம்பில் ஒரு மர ஏணி சாய்ந்து நிற்கிறது. ஐந்தாறு படி. வெள்ளையடிக்க வந்தவன் மறந்துவிட்டுப் போனது போல இருக்கும். 1728இல் செதுக்கிய படமொன்றிலேயே அந்த இடத்தில் ஏணி இருக்கிறது. அதை எடுக்க யாருக்கு உரிமை என்று ஒத்துப்போகவில்லை, அதனால் யாரும் எடுக்கவில்லை. அத்தை கழுத்து வலிக்க அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் உள்ளே, இயேசுவின் உடலைக் கிடத்தியதாகச் சொல்லும் அபிஷேகக் கல்லில் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல் கதவின் சாவியும் இந்தச் சபைகள் எதனிடமும் இல்லை. இரண்டு முஸ்லிம் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகப் பார்த்துக்கொள்கின்றன. சாவி ஒரு குடும்பத்தின் பொறுப்பு, திறந்து பூட்டுவது இன்னொரு குடும்பத்தின் பொறுப்பு. ஏழாம் நூற்றாண்டில் கலீபா உமர் நகருக்குள் வந்தபோது, உள்ளேயே தொழலாம் என்று கிறிஸ்தவத் தலைவர் அழைத்தாராம். நான் இங்கே தொழுதால் பின்னால் வருகிறவர்கள் இதை மசூதி ஆக்கிவிடுவார்கள் என்று சொல்லி அவர் வெளியே போய்த் தொழுதார் என்பது மரபுக் கதை. உமர் பெயரில் ஒரு மசூதி இன்றும் எதிரில் இருக்கிறது. எனக்கு அந்த ஊரில் பிடித்த கதை அதுதான். மறுப்பும் மரியாதையும் ஒரே செயலில் இருக்கின்றன.

எல்லாம் அழகு என்று சொல்ல மாட்டேன். 1834இல் ஈஸ்டர் நெருப்பு விழாவில் நெரிசலில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஆனாலும் அந்தக் கோயிலுக்கு இன்றுவரை ஒரே வாசல். இன்னொரு வழி திறக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டுமே. 2002இல் கூரை மேல் காப்டிக் துறவி ஒருவர் வெயில் தாங்காமல் நாற்காலியைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்திவிட்டார். எத்தியோப்பியர்கள் அதை அத்துமீறலாகப் பார்த்தார்கள். அந்த அடிதடியில் பதினொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இயேசுவின் கல்லறை மண்டபம் சரிந்துவிடாமல் 1947இல் வெள்ளைக்காரர்கள் இரும்புச் சட்டம் போட்டு முட்டுக் கொடுத்தார்கள். எழுபது வருடம் அப்படியே நின்றது. 2015இல் ஆபத்து என்று போலீஸ் சில மணி நேரம் மூடிய பிறகுதான் மூன்று பெரிய சபைகளும் கூடிப் பணம் போட்டுச் செப்பனிட்டன. 2017 மார்ச்சில் வேலை முடிந்தது. கூரை தலையில் விழப்போகிறது என்றால் மனிதர்கள் ஒத்துப்போகிறார்கள். என் மகள் பிறந்த இரவு, பிரசவ அறைக்கு வெளியே அத்தையும் என் அம்மாவும் ஒரே பெஞ்சில் கைகோத்து உட்கார்ந்திருந்ததை அப்போது நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம்தான் அந்தச் சம்பவம்.

எருசலேமில் இயேசுவுக்கு இரண்டு கல்லறை உண்டு. ஒன்று இந்தப் பெரிய கோயிலுக்குள். இன்னொன்று பழைய மதிலுக்கு வெளியே, தமஸ்கு வாசலுக்கு வடக்கே, ஒரு தோட்டத்தில். 1883இல் ஜெனரல் கோர்டன் என்ற ஆங்கிலேயர் அங்குள்ள பாறையில் மண்டை ஓட்டின் சாயலைப் பார்த்து, இதுதான் இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா என்றார். 1894இல் ஒரு சங்கம் அந்த இடத்தை வாங்கியது. சீர்திருத்தச் சபைக்காரர்களுக்கு அது மனதுக்கு நெருக்கமான இடம். புகையும் விளக்கும் கூட்டமும் இல்லை, மரங்களும் பெஞ்சும் வெறும் பாறையும்தான். பாறைக்குக் கீழே பஸ் நிலையம், ஜெபத்தின் நடுவே ஹாரன் கேட்கும். அங்கே சின்ன ஒலிவமரக் கிண்ணங்களில் திருவிருந்து கொடுத்தார்கள். கிண்ணத்தட்டு என்னிடம் வந்தபோது நான் எடுக்காமல் அடுத்தவரிடம் கொடுத்தேன். அத்தை பார்த்தார். அதுவரை சரி.

கல்லறைக்குள் போய் வந்து அத்தை பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எங்கள் குழுவில் கத்தோலிக்கத் தலைமையாசிரியை ஒருவர், எல்லோரும் டீச்சர் என்போம், என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “தம்பி, காலைல பார்த்தது அது, இப்ப இது. எது நிஜம்?”

படித்துவிட்டு வந்திருந்தேன். படித்ததைச் சொல்ல ஒரு வாரமாகக் காத்துக்கொண்டும் இருந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கல்லறை இயேசுவுக்கு ஏழு நூற்றாண்டு முந்தையது, கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுக் காலத்தது என்று தொல்லியலாளர் கேப்ரியல் பர்காய் காட்டியிருக்கிறார், புதிதாக வெட்டிய கல்லறை என்று உங்கள் சுவிசேஷமே சொல்வதால் இது இருக்க முடியாது என்று தெளிவாக, எண் போட்டு, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். டீச்சர் முகத்தில் ஒரு திருப்தி. சுற்றியிருந்த பத்துப் பேர் திரும்பினார்கள். அத்தை கண்ணைத் துடைத்தார், எழுந்து போனார்.

அந்தத் தோட்டத்தில் வேலை செய்யும் தன்னார்வலர்களே, இதுதான் அந்த இடம் என்று அடித்துச் சொல்வதில்லை. கதவில் ‘அவர் இங்கே இல்லை’ என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் உடைத்த சுவர் அங்கே இருக்கவே இல்லை.

அன்று மாலை பேச்சில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பிரான்சிஸ்கன் துறவிகளின் ஊர்வலத்தின் பின்னால் பதினான்கு நிலைகளும் நடந்தோம். அத்தை டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், என் கையைப் பிடிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினால் வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் இல்லை.

எங்களுக்கு ஹோட்டலில் எட்டாம் மாடி. வெள்ளி சூரியன் மறைந்தால் யூதர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், பக்தியுள்ளவர்கள் மின்பொத்தானைக்கூட அழுத்த மாட்டார்கள். நெருப்பு மூட்டுவது ஓய்வுநாளில் கூடாத வேலை, மின்சாரத்தையும் அதனோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அதனால் ஒரு லிஃப்ட்டைத் தானாக இயங்க விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்று, திறந்து, காத்திருந்து, மூடி மேலே போகும். அவசரத்தில் நாங்கள் அதில் ஏறிவிட்டோம். உள்ளே கறுப்புத் தொப்பிக்காரர் ஒருவர், மனைவி, நாலு பிள்ளைகள், நாங்கள் இருவர். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பொத்தானை அமுக்க இவ்வளவு பாடா?

இரண்டாம் மாடியில் கதவு திறந்தது, யாரும் ஏறவில்லை, மூடியது. மூன்றாம் மாடி.

“அத்தை, நேத்து பேசினதுக்கு மன்னிச்சிருங்க.”

பதில் இல்லை. நான்காம் மாடி.

“ஆனா டீச்சர் கேட்டாங்க. நான் சொன்னதும் உண்மைதான்.”

“‘ஆனா’ போட்டா அது மன்னிப்பு இல்ல மாப்பிள்ளை. அப்பீல்.”

ஐந்தாம் மாடியில் அந்தக் குடும்பம் இறங்கியது. கடைசிப் பையன் எங்களுக்குக் கை காட்டினான். ஆறாம் மாடி வரை சத்தமில்லை.

“அந்தக் கல்லறை பழசுன்னு எங்க பாஸ்டரே போன வருஷம் சொல்லிட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நான் எதுக்கு அழுதேன்னு யாராவது கேட்டீங்களா?”

“எதுக்கு அத்தை?”

“இப்ப சொல்ல மாட்டேன்.”

எட்டாம் மாடி வந்துவிட்டது. இன்றுவரை சொல்லவில்லை.

ஒருவரிடம் தகவலை நீட்டுமுன் அவர் எதில் நிற்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அந்த லிஃப்ட்டில் கற்றுக்கொண்டேன். இன்னும் பாதிதான் கற்றிருக்கிறேன். ஆபீஸில் போன மாதம்கூட வழுக்கினேன். மன்னிப்பில் ‘ஆனா’வை மட்டும் இப்போது விழுங்கிவிடுகிறேன், தொண்டையில் குத்தினாலும்.

அன்று இரவு, வராந்தா சோபாவில், அத்தை சட்டம் வகுத்தார். எந்த வாக்குவாதமும் ஆட்கள் முன்னால் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், நாங்கள் இருவர் மட்டும். சூடு ஏறினால் யார் வேண்டுமானாலும் ‘ஸ்டே’ சொல்லலாம், சொன்ன நொடியில் நிறுத்த வேண்டும். ஸ்டே கேட்டவரே வாய்தா தேதியும் சொல்ல வேண்டும். வாய்தா சொல்லாமல் எழுந்து போனால் அது கோபித்துக்கொண்டு போவது, செல்லாது. பதில் சொல்லுமுன் எதிர்க்கட்சி சொன்னதை அவர் ஒத்துக்கொள்ளும்படி நம் வாயால் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் குடும்பத்திலும் ஓடும். பசியோடு இருக்கும்போதும் பயணக் களைப்பிலும் மட்டும் இதைத் தொடங்காதீர்கள்.

முதல் வழக்கே ஞானஸ்நானம்தான். அத்தையின் வாதத்தை நான் சொல்ல வேண்டும். “பிள்ளை நரகத்துக்குப் போயிடுமோன்னு பயப்படறீங்க” என்றேன். தலையாட்டி மறுத்தார். “ஊர் என்ன சொல்லும்னு நினைக்கறீங்க.” மறுத்தார். “கிறிஸ்தவளா வளரணும்னு ஆசைப்படறீங்க.” பாதி என்றார். அப்புறம் அவரே சொன்னார்: ஞானஸ்நானத்தின்போது பெற்றோர் மட்டும் வாக்குக் கொடுப்பதில்லை, சபையும் இந்தப் பிள்ளையை நாங்கள் தாங்குவோம் என்று வாக்குக் கொடுக்கும். “அவ்வளவு பேரு அவளுக்காகச் சொல்லியிருப்பாங்க. அதை என் பேத்திக்கு நீங்க வாங்கித் தரல.”

ஒன்பது வருடம் நான் வாதாடிக்கொண்டிருந்தது வேறு யாரோ ஒருவரோடு. என் பக்கத்தை அத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: “ஒருத்தர கேக்காம அவங்க பேர்ல கையெழுத்துப் போடக் கூடாதுங்கறீங்க. மைனரா இருந்தாலும்.” நான் அதை அவ்வளவு சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை. இருவரும் மாறவில்லை. மணி பார்த்தார், அரை மணி ஆகிவிட்டது, படுக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஒலிவ மலையில் கர்த்தருடைய ஜெபத்தின் கோயில். சுவரெங்கும் பீங்கான் பலகைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்த ஒரே ஜெபம். தமிழ்ப் பலகை முன்னால் எங்கள் கூட்டம் திரண்டது. எல்லோரும் சேர்ந்து சொல்வோம் என்றார் பாஸ்டர். முதல் வார்த்தையிலேயே முட்டியது. பாதிப் பேர் ‘பரமண்டலங்களில்’ என்று தொடங்க, மீதி ‘விண்ணுலகில்’ என்று தொடங்கினார்கள். ஒரு பக்கம் பிதாவே, ஒரு பக்கம் தந்தையே. நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெந்தெகொஸ்தே இளைஞர் ஒருவர் எது மூலத்துக்குச் சரி என்று தொடங்கினார். எனக்கும் ஒரு கருத்து வாய்வரை வந்தது. அத்தை என் பக்கம் பார்க்காமலே “ஸ்டே” என்றார்.

பிறகு டீச்சரிடம் திரும்பினார். “அக்கா, நீங்க உங்க மாதிரி சொல்லுங்க, நாங்க எங்க மாதிரி சொல்றோம். எங்களுக்குக் கடைசில ஒரு வரி கூட இருக்கு. நீங்க முடிச்சிட்டு நில்லுங்க, நாங்க வந்துடறோம்.”

அப்படியே நடந்தது. இரண்டு ஜெபமும் ஒன்றின் மேல் ஒன்றாக, சந்தை இரைச்சல் போலத்தான் கேட்டது. தீமையிலிருந்து விடுவிக்கும் வரிக்குப் பிறகு கத்தோலிக்கர்கள் நிறுத்தினார்கள். ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று மற்றவர்கள் போனார்கள். அந்த நாலைந்து வினாடி டீச்சர் கைகூப்பி, வாய் மூடி, அத்தையின் உதடுகளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஆமென் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒன்றாக வந்தது. நான் அதையும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றேன்.

அன்று மாலை, யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவருக்குப் போனோம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஆண்கள் தலை மூடாமல் போகக் கூடாது, வாசலில் தொப்பி கொடுப்பார்கள். அத்தை ஒரு துண்டுத்தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கல்லிடுக்குகளில் சொருகும் தாள்களை வருடம் இரண்டு முறை எடுத்து ஒலிவ மலையில் புதைப்பார்களாம். அத்தை எழுதியதும் இப்போது அங்கேதான் எங்கோ மண்ணில் இருக்கும்.

இருட்டியதும், அத்தை கேட்டுக்கொண்டதால், திருக்கல்லறைக் கோயிலைப் பூட்டுவதைப் பார்க்கத் திரும்பினோம். சபைகளின் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். கதவைச் சாத்தினார்கள். காவல்காரர் சிறிய ஏணியைச் சாய்த்து ஏறி மேல் பூட்டைப் பூட்டினார், இறங்கினார். கதவில் ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியாக ஏணியை உள்ளே தள்ளினார், உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. சாவி வெளியே, ஏணி உள்ளே. காலையில் உள்ளே இருப்பவர் ஏணி தராமல் வெளியே இருப்பவர் திறக்க முடியாது. அத்தை பெருமூச்சு விட்டார். “யாரும் யாரையும் நம்பல. ஆனா தினமும் திறக்குது பாருங்க.” அதே வருடம் பிப்ரவரியில், வரி விஷயத்தில் எதிர்ப்புக் காட்ட, நாற்காலிக்கு அடித்துக்கொள்கிற இந்தச் சபைகள் ஒன்றாய்ச் சேர்ந்து மூன்று நாள் கதவை மூடி வைத்திருந்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

ஞாயிறு யோர்தான் நதி, எரிகோவுக்குக் கிழக்கே. போகிற சாலையின் இருபுறமும் முள்வேலி, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். நதி என்று பெயர், சில எட்டு வைத்தால் தாண்டும் அகலம்தான், மண்நிறத் தண்ணீர். எதிர்க்கரை ஜோர்டான் நாடு. அங்கேயும் வெள்ளை அங்கி போட்டவர்கள் அதே தண்ணீரில் முங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கோடு தண்ணீரின் நடுவில் போகிறது. இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு சிப்பாய்கள், கொட்டாவி விட்டுக்கொண்டு.

அத்தையால் படியிறங்க முடியவில்லை. ஒரு லிட்டர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். எதற்கென்று இருவருக்கும் தெரியும். நான் வாங்காமல் நின்றேன்.

“கேக்காம ஊத்த மாட்டேன் மாப்பிள்ளை.”

“தெரியும் அத்தை.”

“தண்ணி மட்டும் வீட்ல இருக்கட்டும்.”

இறங்கி நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன். முழங்கால்வரை சேறு. நம்பாத காரியத்துக்கு நான் உடந்தையா என்று அன்று இரவு யோசித்தேன். மூட்டுவலி உள்ள அறுபத்தெட்டு வயதுப் பெண்ணுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். அந்தத் தீர்ப்பில் இன்னும் எனக்குச் சின்னச் சந்தேகம் உண்டு.

விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். மூடிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, டேப் ஒட்டி, நிற்க வைத்துக் கட்டுங்கள். நான் துண்டில் சுற்றி என் பெட்டியில் போட்டேன், டேப் போடவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் கால்வாசிக்கு மேல் கசிந்து என் துணியெல்லாம் ஊறிப் போயிருந்தது. அத்தை எட்டிப் பார்த்தார். “உங்க நாலு சட்டைக்கும் ஞானஸ்நானம் ஆயிருச்சு” என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மிச்சத் தண்ணீரோடு அந்தப் பாட்டில் எங்கள் வீட்டு ஷோகேஸில், மேல் தட்டில், இன்றும் இருக்கிறது. நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை. அத்தையும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அரை மணி நேர வழக்குகள் மாதம் ஒன்றிரண்டு நடக்கின்றன. அரசியல், படிப்பு, என் கோபம், அவர் மாத்திரை. ஞானஸ்நான வழக்குக்கு மட்டும் மகளின் பதினெட்டாவது பிறந்தநாளை வாய்தாவாகப் போட்டிருக்கிறோம்.

போன பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது மகள் எல்லாச் சாமானையும் இறக்கித் துடைத்தாள். அந்தப் பாட்டிலையும் துடைத்துத் திரும்ப வைத்திருக்கிறாள், பழைய இடத்திலிருந்து நாலு விரல்கடை தள்ளி. மறுநாள் அத்தை வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததும் கேட்டார்: “யாரு இதை நகர்த்தினது?”